‘அடுத்து என்ன வரும்?’ என்று கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்

கேள்வி: என் மகனுக்கு நாலே முக்கால் வயது. சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று கட்டைகளை அடுக்கிக் காட்டினால் தடையில்லாமல் தொடர்கிறான். சிவப்பு, பச்சை, பச்சை என்று மாற்றினால் கொஞ்ச நேரத்தில் பழையபடி ஒன்று மாற்றி ஒன்று வைக்க ஆரம்பித்துவிடுகிறான். ‘அமைப்புகள்’ (திரும்பத் திரும்ப வரும் வரிசைகள், ‘பேட்டர்ன்’) பாடத்தில் பின்தங்கியிருப்பதாகப் பள்ளியில் சொல்லி, ஒரு தனிப் பயிற்சி வகுப்பையும் பரிந்துரைக்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். அவன் பின்தங்கவும் இல்லை.

சிவப்பு-பச்சை வரிசையைத் தொடர, அமைப்பு என்றால் என்னவென்று புரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ‘கடைசியாக வைத்தது எதுவோ, அதை விட்டு மற்றதை வை’ என்ற ஒரு விதி போதும். உங்கள் மகன் அதைத் தானே கண்டுபிடித்து வைத்திருக்கிறான், கெட்டிக்காரன்தான். சிவப்பு-பச்சை-பச்சையில் அந்த விதி எடுபடாது. அங்கே பச்சைக்கு அடுத்து ஒரு முறை பச்சை வரும், மறுமுறை சிவப்பு வரும். தடுமாற்றம் இதனால்தான். இந்த வயதில் இது மிகச் சாதாரணம்.

அவனுக்கு இனி வர வேண்டியது ஒன்றே ஒன்று. மூன்று கட்டைகளும் சேர்ந்து ஒரு துண்டு, அந்தத் துண்டுதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்க்கப் பழக வேண்டும். பிற்பாடு மூன்று மூன்றாக எண்ணும்போதும், பெருக்கல் படிக்கும்போதும் கைகொடுப்பது இந்தப் பழக்கம்தான்.

பயிற்சித் தாள்கள் இதையா சோதிக்கின்றன? வரிசையாக ஆறு படங்கள், கடைசியில் ஒரு காலிக் கட்டம், ‘அடுத்து என்ன?’ என்ற கேள்வி, கீழே இரண்டு விடைகள். பார்க்காமல் விரலை வைத்தாலும் பாதி வாய்ப்பு உண்டு. சில தாள்களில் ஒரு வட்டம், ஒரு சதுரம் மட்டும் போட்டு அடுத்ததைக் கேட்கிறார்கள். இரண்டு படத்தை வைத்து எந்த அமைப்பையும் முடிவு செய்ய முடியாது. அங்கே முக்கோணம் என்று சொல்லும் குழந்தை தப்பே செய்யவில்லை, ஆனால் மதிப்பெண் போய்விடும். திருத்துவதற்கு எளிது என்பதைத் தவிர இந்தத் தாள்களுக்கு வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? ஒன்றோடு ஒன்று பொருந்தும் கட்டைகள் இருந்தால் நல்லது. துண்டு மூன்று முறை முழுதாக வரும்படி ஒன்பது கட்டைகளில் ஒரு கோபுரம் கட்டுங்கள். நடுவில் அரைகுறையாக நிறுத்தக் கூடாது. அதை அவன் கையில் கொடுத்து, ‘ஒரே மாதிரி துண்டுகளாக உடை’ என்று சொல்லுங்கள். உடைத்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடட்டும், திரும்பவும் சேர்க்கட்டும். சில நாள் கழித்து கோபுரத்தைக் காட்டிவிட்டுத் துணியால் மூடி, நினைவிலிருந்து கட்டச் சொல்லுங்கள். ஒன்பது கட்டைகளைத் தனித்தனியாக நினைவில் வைப்பது கஷ்டம். ஒரு துண்டையும் அது எத்தனை முறை வந்தது என்பதையும் நினைவில் வைப்பது சுலபம். சரியாகக் கட்டிவிட்டால் துண்டு பிடிபட்டுவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். தப்பினால் திருத்த வேண்டாம். துணியை எடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

அப்புறம் அதே அமைப்பை வேறொன்றில் செய்யச் சொல்லுங்கள். சிவப்புக்கு ஒரு கைத்தட்டல், பச்சை ஒவ்வொன்றுக்கும் ஒரு குதிப்பு. இது நாலு வயதுக்கு மீறியது என்று ஆசிரியர்களே சிலர் நினைக்கிறார்கள். ஆனால் பெத்தனி ரிட்டில்-ஜான்சன் என்ற உளவியல் ஆய்வாளரின் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நாலு வயதுக் குழந்தைகளில் சிலர் ஓர் அமைப்பை வேறு பொருளில் செய்தே காட்டினார்கள். அதே வட்டத்தைச் சேர்ந்த இன்னோர் ஆய்வு 2015-இல் வந்தது. நிறப் பெயர்களைச் சொல்லி விளக்கியபோது செய்ததைவிட, எழுத்துகளைச் சொல்லி விளக்கியபோது குழந்தைகள் நன்றாகச் செய்தார்கள். நீங்களும் ‘சிவப்பு, பச்சை, பச்சை’ என்பதற்குப் பதில் ‘அ, இ, இ’ என்று சொல்லிப் பாருங்கள். நிறத்தின் பெயரைச் சொன்னால் கவனம் கட்டையிலேயே நின்றுவிடுகிறது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் மகன் சிவப்பு-பச்சையை மாற்றி மாற்றிச் சரியாக வைப்பதால் அவனுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது, ஆனாலும் படித்துவிடுங்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உண்டு, பெண்களில் அரை சதவீதம் அளவில்தான். மற்ற இனங்களில் விகிதம் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. இப்படிப்பட்ட குழந்தைக்கு அமைப்பு தெளிவாகப் புரிந்திருக்கலாம், கட்டைகள்தான் ஒரே மாதிரி தெரியலாம். வகுப்பில் ‘கவனமில்லை’ என்று எழுதிவிடுவார்கள். கைத்தட்டலில் சரியாகச் செய்து, கட்டையில் மட்டும் குழப்பினால் நீலம்-மஞ்சளுக்கு மாறிப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் கண் மருத்துவரிடம் போங்கள். எண் தெரியாத குழந்தைக்கும் சோதனை உண்டு, நிறப்பார்வையைச் சோதிக்கும் இஷிஹாரா அட்டைகளிலேயே விரலால் கோட்டைத் தொடரும் பக்கங்கள் இருக்கின்றன. பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் சிவப்பையும் பச்சையையும் விட்டு வேறு இரண்டு நிறம் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தப் பத்தியே தேவைப்பட்டிருக்காது.

பயிற்சி வகுப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். ‘மூளைத்திறன்’, ‘லாஜிக்’ என்ற பெயரில் நடப்பவற்றில் பலவும் அதே காலிக் கட்டத் தாள்களைப் பளபளப்பான அட்டைக்குள் வைத்து விற்பவைதான். குழந்தை பயந்துபோனால் பெற்றோர் பயப்படுவார்கள், பெற்றோர் பயந்தால் கட்டணம் வரும். பள்ளியே ஒரு வகுப்பைக் கைகாட்டினால், ஆள் சேர்த்துவிடுவதற்குப் பள்ளிக்கு ஏதாவது கிடைக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். அமைப்புகளுக்கு வருடத்தில் சில வகுப்புகளை மட்டும் ஒதுக்கிவிட்டு, அதில் தேறாத குழந்தையை வெளியே அனுப்புவது எந்த ஊர் முறையோ!

‘பின்தங்கியிருக்கிறான்’ என்று முடிவு செய்த தாளையும் கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு காலிக் கட்டத்தை வைத்துச் சொல்லியிருந்தால் தூக்கிப் போடுங்கள். ஆறு வயது தாண்டியும், கண்முன் இருக்கும் வரிசையை அப்படியே பார்த்து வைக்க முடியாமல், ஐந்தாறு பொருட்களை எண்ணவும் திணறினால், அப்போது குழந்தைகள் மருத்துவரிடம் பேசுங்கள். அதுவரை ஒரு நாளைக்கு ஐந்து பத்து நிமிடம் போதும், அவன் எழுந்து போனால் விட்டுவிடுங்கள்.