விடுபட்ட பாட்டு

அன்புள்ள அண்ணா,

அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பைக் கொஞ்ச நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ‘மை ஹோம்டவுன்’ பாட்டில் மில் மூடுகிற இடம் வரும்போதெல்லாம் அப்பா நினைவு வருகிறது. அவரும் பஞ்சாலை மூடியபோது வேலை இழந்தவர். என் கேள்வி: இந்த ஒரு தொகுப்பு போதாதா? நல்ல பாட்டெல்லாம் இதிலேயே இருக்கும்போது, மற்ற ஆல்பங்களில் மிச்சமிருப்பது வெறுமனே இடத்தை நிரப்ப வந்ததுதானே? இசைத்தட்டில் கேட்டால் வித்தியாசம் தெரியுமா? பாடகர் பாப் டிலன் பெரியவரா, இவரா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்,

டிலனா இவரா என்பதை விட்டுவிடுவோம். இசைத்தட்டோ செல்போனோ, எதில் கேட்டாலும் சரி. அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தப் பாட்டின் ஊர் நியூ ஜெர்சியில் உள்ள ஃப்ரீஹோல்ட், ஸ்பிரிங்ஸ்டீன் வளர்ந்த ஊர். அங்கே ஒரு கம்பள ஆலை இருந்தது, அதுவும் மூடப்பட்டது. எங்கோ ஒருவர் தன் ஊருக்காக எழுதியது உங்கள் வீட்டு ஆளைப் பற்றியதாக உங்களுக்குக் கேட்டிருக்கிறது. நல்ல காது உங்களுக்கு.

அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டா ‘இடத்தை நிரப்ப வந்தது’ என்று எழுதினீர்கள்? எனக்குக் கோபம்தான் வந்தது. தொகுப்பில் ஆறாவது பாட்டு ‘அட்லாண்டிக் சிட்டி’. அதற்கு முன்னால் ‘ஹங்ரி ஹார்ட்’, பின்னால் ‘டான்ஸிங் இன் த டார்க்’. இரண்டும் முழு பேண்டோடு துள்ளுகிற பாட்டுகள். சென்னையில் என்னோடு அறையில் இருந்த நண்பரிடம் இந்தத் தொகுப்பின் கேசட் இருந்தது. ‘அட்லாண்டிக் சிட்டி’ ஆரம்பித்ததுமே ஃபார்வர்ட் பட்டனை அழுத்திவிடுவார். “ரெக்கார்டிங் சரியில்லை” என்பார். அதற்காக அவரோடு நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அந்த வரிசையில் கேட்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அது ஸ்டுடியோவில் பதிவானதே இல்லை. 1982 ஜனவரியில், கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் வாடகை வீட்டுப் படுக்கையறையில், நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில் தனியாளாகப் பாடிப் பதிந்தது. பேண்டுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கான மாதிரிதான் அது. அப்புறம் ஸ்டுடியோவில் பேண்டோடு வாசித்துப் பார்த்தார்கள். பாட்டின் உயிர் போய்விட்டது. கடைசியில் உறைகூட இல்லாமல் ஸ்பிரிங்ஸ்டீன் பையில் போட்டுக்கொண்டு திரிந்த அந்தக் கேசட்டே அதே ஆண்டு ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக வெளிவந்தது.

‘அட்லாண்டிக் சிட்டி’யில் பாடுகிறவன் வேலை தேடி அலைந்து கிடைக்காமல், கடைசியில் ரவுடிக் கும்பலுக்கு ஒரு காரியம் செய்துகொடுக்க ஒப்புக்கொள்கிறான். நேர்மையான மனிதன் யாராலும் அடைக்க முடியாத கடன் தனக்கு இருக்கிறது என்கிறான். இது உங்கள் தொகுப்பிலேயே இருக்கிறது, கேட்டிருப்பீர்கள். ஆனால் ‘நெப்ராஸ்கா’வில் இன்னும் இரண்டு பாட்டு தள்ளி ‘ஜானி 99’ வருகிறது. மாவா என்ற ஊரில் கார் தொழிற்சாலை மூடி வேலை போனவன், குடித்துவிட்டு ஒருவனைச் சுட்டுவிடுகிறான். நீதிபதி முன்னால் நிற்கிறான். அங்கே அதே கடன் வரி, ஏறக்குறைய அதே சொற்களில், இவன் வாயிலிருந்து வருகிறது. வீட்டையும் வங்கி பிடுங்கப்போகிறது என்கிறான். முன்னவன் குற்றத்துக்குப் போகும் வழியில் சொன்னதை இவன் குற்றம் முடிந்து தண்டனைக்கு நிற்கும்போது சொல்கிறான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் அந்த வரியின் கனம் தெரியும். மாவாவில் ஃபோர்டு கம்பெனியின் ஆலை 1980இல் நிஜமாகவே மூடப்பட்டது.

‘ஜானி 99’ உங்கள் தொகுப்பில் இல்லை. ஆலை மூடியபின் ஒரு மனிதனுக்கு என்னென்ன ஆகும் என்று சொல்கிற பாட்டு, உங்கள் அப்பாவின் தலைமுறை கேட்டிருக்க வேண்டிய பாட்டு, நீங்கள் ‘மிச்சம்’ என்று ஒதுக்கிய இடத்தில் இருக்கிறது. ஹிட் என்பது எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற கணக்கு. அந்தக் கணக்கை வைத்து ஒரு கலைஞன் செய்ததில் எது தேவை, எது தேவையில்லை என்று நீங்கள் எப்படி முடிவுசெய்யலாம்?

தொகுப்பையே குறை சொல்லவில்லை. 1989இல் கலைத்த தன்னுடைய ஈ ஸ்ட்ரீட் பேண்டை 1995இல் இதற்காகத்தான் அவர் மறுபடி கூட்டினார். கடைசியில் வரும் ‘திஸ் ஹார்ட் லேண்ட்’ அருமையான பாட்டு. புதிதாக வருகிறவருக்கு நுழைவாசல் என்ற அளவில் நல்ல தொகுப்பு. ஆனால் ‘ஜங்கிள்லேண்ட்’ என்ற அவருடைய பாட்டு இதில் இல்லை. முதல் இரண்டு ஆல்பங்களிலிருந்து ஒரு பாட்டுகூட இல்லை.

அதனால் அடுத்து ‘நெப்ராஸ்கா’. பத்துப் பாட்டு, நாற்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஷஃபிளில் போடாதீர்கள், எதையும் தாண்டாதீர்கள். ‘ஜானி 99’ நான்காவது.

அன்புடன்.