மாந்திரீக நூல்களைக் கூடி வாசிக்கும் குழுவில் என்னதான் நடக்கும்? சேர்ந்தால் ஆபத்தா?

கேள்வி கேட்டவர், நண்பர் ஒருவர் இப்படியொரு வாசிப்புக் குழுவுக்குக் கூப்பிடுகிறார், வீட்டில் பயப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். நான் ஆறு வருடமாக அப்படி ஒரு குழுவில் இருக்கிறேன், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மை, எலுமிச்சம்பழம், நள்ளிரவு எதுவும் கிடையாது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை, ஒரு சித்த மருத்துவர் வீட்டு மாடியில் பாய் விரித்து உட்காருவோம். எட்டுப் பேர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், தேவாரம் பாடும் ஒரு அம்மா, கடவுள் நம்பிக்கையே இல்லாத வங்கி ஊழியர் ஒருவர், மற்றபடி என்னைப் போல ஆர்வத்தில் வந்தவர்கள். ஒருவர் பாட்டை உரக்க வாசிப்பார், எல்லோரும் சேர்ந்து பதம் பிரிப்போம், புரியாத சொல்லுக்குச் சாம்பசிவம் பிள்ளையின் சித்த மருத்துவ அகராதியைப் புரட்டுவோம், அதற்கப்புறம்தான் விவாதம். ஒரு மாலையில் நாலு பாட்டு முடிந்தால் பெரிய விஷயம்.

நான் போன முதல் நாளில் தொல்காப்பியத்தில்தான் ஆரம்பித்தார்கள். "நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப" என்று செய்யுளியலில் வருகிறதே, அதில் 'ஆணை' என்ற ஒரு சொல்லுக்கே ஒன்றரை மணி நேரம் போனது. மந்திரத்தின் பலம் எழுத்தில் இருக்கிறதா, சொல்கிறவரிடம் இருக்கிறதா என்று அன்றைக்குத் தொடங்கிய வாக்குவாதம் இன்றுவரை ஓயவில்லை.

அப்புறம் திருமந்திரத்தின் நான்காம் தந்திரம், அதாவது நான்காம் பகுதி. ஒன்பது தந்திரங்களில் சக்கரங்கள், அதாவது கோடு போட்டு வரையும் மந்திரக் கட்டங்கள், நிறைந்தது அதுதான், திருவம்பலச் சக்கரம் தொடங்கி நவாக்கரி சக்கரம் வரை போகும். பலர் அதைப் புரியாத நூல் என்று தள்ளிவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டிய நூல் அது. திருவம்பலச் சக்கரத்தில் ஒரு பாட்டு, ஈராறு ரேகை போடு, அதன்மேல் ஈராறு ரேகை போடு, கிடைக்கும் மனைகள், அதாவது கட்டங்கள், "ஈராறு பத்தொன்று" என்கிறது. நாங்கள் பன்னிரண்டும் பதினொன்றும் இருபத்துமூன்று என்று கூட்டிப் பார்த்தோம், பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி 144 என்றோம், எதுவும் பொருந்தவில்லை. கணக்கு வாத்தியார் பேசாமல் நோட்டில் 12 கோடு குறுக்கே, 12 கோடு நெடுக்கே இழுத்துவிட்டு எண்ணச் சொன்னார். கோடு பன்னிரண்டு என்றால் இடைவெளி பதினொன்றுதானே, பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினால் 121. ஈராறு பத்து 120, அதோடு ஒன்று. தேவாரம் பாடும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் அந்தப் பாட்டு அன்றிலிருந்து மனப்பாடம்.

சண்டையும் வரும். அகத்தியர் பெயரில் வழங்கும் மருத்துவப் பாடல்களில் பறங்கிப்பட்டை என்ற மருந்துச் சரக்கு வருகிறது. பறங்கி என்பது போர்த்துகீசியரைக் குறிக்க இங்கே புழங்கிய சொல், அவர்கள் கோழிக்கோட்டில் வந்து இறங்கியதே 1498இல். அப்படியானால் அந்தப் பாட்டுக்கு என்ன வயது? நம்பிக்கையுள்ளவர்களுக்கு அன்று மனம் நொந்துவிட்டது, ஆனாலும் அடுத்த மாதம் எல்லோரும் வந்தார்கள். தனியாக இந்த நூல்களைப் படித்தால் ஒன்று பயந்துவிடுவோம், இல்லையென்றால் அப்படியே நம்பிவிடுவோம். பக்கத்தில் மறுத்துப் பேச ஒரு ஆள் இருந்தால் இரண்டும் நடக்காது.

எங்களிடம் ஒரே ஒரு கட்டுப்பாடு, செய்முறை கூடாது. வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆக்ருஷணம், பேதனம், வித்துவேஷணம், மாரணம் என்று அஷ்டகர்மம் எனப்படும் எட்டு மாந்திரீகச் செயல்களையும் வாசித்தோம், எதையும் செய்து பார்க்கவில்லை. பாஷாணம், பாதரசம் பற்றிய பாட்டு வந்தால் மருத்துவர் குரலே மாறிவிடும். 64 பாஷாணம் என்று நூல் சொல்வது விஷத்தை, அரைகுறையாகச் சுத்தி செய்து சாப்பிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். உங்கள் நண்பரின் குழுவில் தீட்சைக்குப் பணம் கேட்டாலோ, வாசித்ததை வெளியே சொல்லக்கூடாது என்றாலோ, உங்கள் ஜாதகத்தைக் கேட்டாலோ எழுந்து வந்துவிடுங்கள். அது வாசிப்புக் குழு இல்லை.

நான் ஏன் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது அப்பாவுக்குத் தொடர்ந்து உடம்பு சரியில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் வீட்டில் செய்வினை இருக்கிறது என்று சொல்லி, முற்றத்தில் முருங்கை மரத்தடியைத் தோண்டி ஒரு செப்புத் தகடு எடுத்தார். உள்ளங்கை அளவு, ஒன்பது கட்டம், உள்ளே எண்கள். உறவில் ஒரு பெண், கிழக்கே குடியிருப்பவள் வைத்தது என்றார். கிழக்கே இருந்தது பெரியம்மா வீடு. அம்மா காதுத் தோட்டை அடகு வைத்து அவருக்குப் பணம் கொடுத்தார், அன்றோடு பெரியம்மாவிடம் பேச்சும் நின்றது. ஆற்றில் போடச் சொன்ன அந்தத் தகட்டை நான் பயந்துகொண்டே ஒருமுறை தொட்டுப் பார்த்திருக்கிறேன், மேல் வரிசை 6, 1, 8 என்பது மறக்கவே இல்லை.

மூன்று வருடம் முன்பு குழுவில் எண் கட்டங்கள் பற்றிப் பேச்சு வந்தது. ஐரோப்பாவில் அக்ரிப்பா என்ற அறிஞர் 1533இல் அச்சிட்ட மந்திர நூலில், கூட்டினால் 15 வரும் ஒன்பது கட்டம் சனிக்கு உரியது. நம் நவக்கிரக எந்திரங்களில், அதாவது கிரகத்துக்கு ஒன்றாகத் தகட்டில் எழுதும் எண் கட்டங்களில், அதே 15 சூரியனுக்கு, சந்திரனுக்கு 18, இப்படி மூன்று மூன்றாக ஏறி, சனிக்கு 33, கேதுவுக்கு 39. வாத்தியார் சூரிய எந்திரத்தைப் பலகையில் எழுதினார்.

6 1 8
7 5 3
2 9 4

முதல் வரிசையைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. இத்தனை வருடம் எங்கள் குடும்பத்தைப் பிரித்து வைத்தது, பூஜையறையில் வைத்துக் கும்பிடும் சூரிய எந்திரம். எந்த மலிவுப் பதிப்பிலும் இருக்கும், பூஜைச் சாமான் கடையிலும் கிடைக்கும்.

அன்று இரவே அம்மாவிடம் எழுதிக் காட்டினேன். அம்மா ஐந்தாவதுதான் படித்தவர், ஆனால் காய்கறிக் கணக்கு விரல்நுனியில் இருக்கும். குறுக்கே கூட்டினார், நெடுக்கே கூட்டினார், மூலைக்கு மூலை கூட்டினார். எல்லாம் பதினைந்து.

"அப்ப இது கெட்ட தகடு இல்லையாடா?"

"இல்லம்மா. சூரியனுக்கு உள்ளது. அந்த ஆளே கொண்டுவந்து புதைச்சிருப்பான்."

கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி பத்துக்கு மேல் இருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "உங்க பெரியம்மா நம்பர் உன்கிட்ட இருக்கா?" என்று கேட்டார்.