வாகனக் கேள்வி–பதில்: முப்பது வயதைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார்கள்

கேள்வி: ஐயா, சென்ற ஆண்டு என் மாமாவிடமிருந்து 1990ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 325ஐ வண்டி ஒன்றை வாங்கினேன். டர்பன் நகர நெரிசலில் வெப்பத்தைக் காட்டும் முள் பாதியைத் தாண்டி ஏறுகிறது. இரவில் விளக்கைப் போட்டால் இன்னும் சற்று ஏறுகிறது. சிக்னலில் நிற்கையில் இன்ஜின் சுற்று 500க்கும் 1,100க்கும் இடையே ஏறி இறங்குகிறது. பெட்ரோல் போட்டுவிட்டு உடனே கிளப்பினால் ஸ்டார்ட்டர் நெடுநேரம் சுற்றிய பிறகே இன்ஜின் பிடிக்கிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டையும் ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றிவிட்டார். இனி சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும், கம்ப்யூட்டரையும் மாற்ற வேண்டும் என்கிறார். செய்யலாமா?
— வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்ய வேண்டாம். உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு நோயன்று, தனித்தனியான மூன்று குறைகள்; மூன்றையும் ஒன்றாகக் கட்டிப் பார்ப்பதால்தான் ஹெட்டும் கம்ப்யூட்டரும் பேச்சில் வருகின்றன.

முதலில் முள்ளைப் பார்ப்போம். விளக்கைப் போட்ட கணத்திலேயே இன்ஜினுக்குள் இருக்கும் தண்ணீர் சூடேறிவிட முடியாது. எனவே அந்த ஏற்றத்தின் ஒரு பகுதியேனும் மின்சாரத்தால் வருவது. இந்த மாடலில் டேஷ்போர்டு மீட்டர் தொகுப்பின் பின்புறம் வெப்பமானியைப் பிடித்திருக்கும் சிறு நட்டுகள் காலப்போக்கில் தளர்ந்துவிடுகின்றன. எர்த் இணைப்பு பலவீனமாகி, விளக்கு போன்ற சுமை சேரும்போது முள் பொய் சொல்கிறது. அதே தொகுப்பில் சர்வீஸ் நினைவூட்டலுக்காக வைக்கப்பட்ட ரீசார்ஜ் பேட்டரிகள் வயதாகிச் செத்துக் கசிவதும் உண்டு. அப்போது வெப்பமானி மட்டுமன்றி இன்ஜின் சுற்றைக் காட்டும் முள்ளும் தடுமாறும். தொகுப்பை வெளியே எடுத்து நட்டுகளை இறுக்கி, எர்த் முனைகளைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்றைக் கடன் வாங்கியாவது தெர்மோஸ்டாட் உறையின் மீது நேரடியாக அளந்து பாருங்கள். நெரிசலிலும் அளவு 80 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் நின்றால் ஹெட்டைத் தொட எந்தக் காரணமும் இல்லை.

உண்மையாகவே சூடு ஏறுகிறது என்றால், ஓடும்போது சரியாகவும் நிற்கும்போது மோசமாகவும் இருப்பது காற்றோட்டக் குறையின் அடையாளம். வாட்டர் பம்பின் முன்னால் இருக்கும் விஸ்கஸ் விசிறியை (சூடேறினால் திரவக் கிளட்ச் இறுகிச் சுழலும் விசிறி), இன்ஜின் நன்றாகச் சூடாகி அணைக்கப்பட்ட உடனே கையால் சுழற்றினால் தடையுடன் நிற்க வேண்டும். தாராளமாகச் சுற்றினால் அதன் கிளட்ச் போய்விட்டது. ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள துணை மின்விசிறி, ரேடியேட்டரிலுள்ள வெப்ப சுவிட்ச் மூடும்போது ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட்டை மாற்றியபோது உள்ளே சிக்கிய காற்று முழுதாக வெளியேற்றப்பட்டதா என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள். இந்த ஆறு சிலிண்டர் இன்ஜினில் வண்டியின் மூக்கை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் உறையிலுள்ள காற்று ஸ்குருவைத் திறந்து குமிழி நிற்கும்வரை கூலண்டை ஊற்ற வேண்டும். அவசரத்தில் இதைத் தவிர்ப்பவர்கள் பலர், அவர்களில் சிலர் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கேஸ்கட்டைச் சந்தேகித்தால், கழற்றுவதற்கு முன் கூலண்டில் சிலிண்டருக்குள் எரிந்த புகை கலந்திருக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தால் சோதித்து, சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளக்கலாம். இரண்டும் ஒரு மணிநேர வேலை.

டர்பனில் உறைபனியே இல்லையே, கூலண்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் போதாதா என்று இங்கே பலர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த இன்ஜினின் பிளாக் (சிலிண்டர்கள் உள்ள அடிப்பகுதி) வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே வெறும் தண்ணீர் ஓடினால் அலுமினியம் அரிக்கப்படும். கூலண்டின் முதல் வேலை உறைபனியைத் தடுப்பதன்று, அரிப்பைத் தடுப்பது. ஜோகன்னஸ்பர்க்குக்கு ஏறிச் செல்பவர்கள் கூலண்ட் ஊற்றும் மூடியையும் கவனிக்க வேண்டும்: கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதைக் கொதிக்கவிடாமல் பிடித்திருப்பது மூடி தரும் அழுத்தம்தான்.

இரண்டாவது குறை, நிற்கும்போது சுற்று ஊசலாடுவது. காற்றை அளக்கும் மீட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர்க் குழாய் உண்டு. முப்பது ஆண்டு வெப்பத்தில் அதன் அடிப்புற மடிப்புகளில் வெடிப்பு விழும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, கழற்றி வளைத்துப் பார்க்க வேண்டும். அந்த வெடிப்பின் வழியே நுழையும் காற்றைக் கணக்கில் எடுக்க வழியில்லாததால் கம்ப்யூட்டர் குறைவான பெட்ரோலையே தருகிறது. சுற்று தாழும்போது காற்றைத் திறக்கிறது, ஏறும்போது மூடுகிறது, ஊசலாட்டம் பிறக்கிறது. அதாவது கம்ப்யூட்டர் தன் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. எளிய சோதனை ஒன்று: வண்டி நின்ற நிலையில் இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். குழாய்கள் இறுக்கமாக இருந்தால் இன்ஜின் உடனே தடுமாறும். எந்த மாற்றமும் இல்லையென்றால் ஏற்கெனவே வேறெங்கோ பெரிய கசிவு இருக்கிறது. அதன்பின் நிற்கும்போது காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வைக் கழற்றி, கார்பரேட்டர் கிளீனரால் கரியைக் கழுவி, உள்ளே இருக்கும் தகடு தடையின்றி ஆடுகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது குறை, இன்ஜின் சூடாக இருக்கையில் எளிதில் பிடிக்காமல் இருப்பது; அதற்கு இரண்டு வாய்ப்புகளே மிகுதி. இன்ஜினில் கூலண்ட் வெப்பத்தை அளக்கும் சென்சார்கள் இரண்டு உண்டு. ஒன்று முள்ளுக்கு, நீல நிறத்தது கம்ப்யூட்டருக்கு. அந்த நீலச் சென்சாரின் மின்தடை 20 டிகிரியில் சுமார் 2,500 ஓமாகவும் 80 டிகிரியில் 300 முதல் 360 ஓமாகவும் இருக்க வேண்டும். சூடான பின்னும் ஆயிரக்கணக்கில் காட்டினால், கம்ப்யூட்டர் இன்ஜின் குளிர்ந்திருப்பதாக நம்பிப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. சென்சார் சரியென்றால் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்: இன்ஜினை அணைத்தவுடன் அழுத்தம் சரிந்தால் குற்றம் ரெகுலேட்டரிலோ பம்பின் உள்வால்விலோ கசியும் இன்ஜெக்டரிலோ இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன்: டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டன்களோடு இசைந்து இயங்க வைக்கும் ரப்பர் பட்டை) எந்த ஆண்டு மாற்றப்பட்டது? மாமாவுக்கும் நினைவில்லை என்றால், மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மாற்றுங்கள். இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளை மோதி வளைத்துவிடும். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது இங்கே பெரிதன்று. கராஜிலேயே நின்றாலும் நான்கு ஆண்டுகளில் ரப்பர் தன் காலத்தை முடித்துக்கொள்கிறது. டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் கூடவே மாற்றுவது சிக்கனம், ஏனெனில் கசியும் பம்ப் நனைப்பது பக்கத்திலிருக்கும் அந்தப் பெல்ட்டைத்தான்.

பி.எம்.டபிள்யூவின் ரோஸ்லின் ஆலையில் இந்த வகை வண்டிகள் கட்டப்பட்ட காலத்தில், இதே வரிசையின் பந்தய வகையான எம்3 வலது ஸ்டியரிங்கோடு தயாரிக்கப்படவேயில்லை. அதனால்தான் 325ஐயும் அதன் உடன்பிறப்பான 325ஐஎஸ்ஸும் நம் தென்னாப்பிரிக்காவில் இவ்வளவு மதிப்போடு தேடப்படுகின்றன. அந்த மதிப்பைக் காட்டி ஹெட் வேலைக்குப் பணம் கேட்பவரிடம், முதலில் அளவுகளைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மாஸ்டா எம்.எக்ஸ்-5இன் கிளட்ச் பெடல் காலையில் தரைவரை போய்விடுகிறது, சில முறை அழுத்தினால் திரும்பி வருகிறது. மழைக்குப் பின் இருக்கைகளின் பின்னால் கார்ப்பெட் நனைந்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
— வாசகர், பீனிக்ஸ்

பதில்: இல்லை. பெடல் இறங்குவது கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டுகளில் நிற்கும் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரின் கசிவு. அதன் ரப்பர் உறையை விலக்கினால் ஈரம் தெரியும். கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து மாற்றுங்கள். புது ஸ்லேவின் அழுத்தத்தைப் பழைய மாஸ்டர் நெடுநாள் தாங்குவதில்லை.

ஈரம்தான் எனக்குக் கவலை தருகிறது. துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளின் பின்னுள்ள வடிகால் துளைகள் வழியே கீழே இறங்க வேண்டும். இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கார்ப்பெட்டுக்கும் கதவுக்குக் கீழுள்ள சில் பகுதிக்கும் போய், வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து துரு தின்னும். மென்மையான பிளாஸ்டிக் குழாயால் துளைகளைத் திறந்து, தண்ணீர் ஊற்றி, வண்டிக்கு அடியில் வடிகிறதா என்று பாருங்கள். கடல் காற்று வீசும் ஊரில் இதை ஆண்டுதோறும் செய்ய வேண்டும்.

கேள்வி: என் தம்பி ஒரு தனியாரிடமிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க முனைகிறான். விற்பவர் ரோட்வொர்தி சான்றிதழ் தருகிறேன், ஆனால் ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ (உள்ளது உள்ளபடி) என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்கிறார். நம்பலாமா?
— வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ரோட்வொர்தி சான்றிதழ் பரிசோதித்த நாளில் பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங் போன்றவை பாதுகாப்பாக இருந்தன என்று மட்டுமே சொல்கிறது, இன்ஜினின் ஆயுளைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. வியாபாரியிடம் வாங்கியிருந்தால் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதத்துக்குத் துணைநிற்கும். வணிகமாக விற்காத தனியாருக்கு அது பொருந்தாது. ‘உள்ளது உள்ளபடி’ என்ற அந்த நிபந்தனை அவரைக் காப்பாற்றும், குறையை அறிந்தே மறைத்தார் என்று நிரூபிக்க முடிந்தால் தவிர. ஆகவே தம்பி கையெழுத்திடலாம். ஆனால் அதற்கு முன் பெல்ட் மாற்றிய தேதி, விபத்து, சூடேறிய வரலாறு ஆகியவற்றைக் குறுஞ்செய்தியிலாவது எழுத்தில் கேட்டு, விற்பவர் தரும் பதிலைச் சேமித்து வைக்கட்டும்.