ரயில் வரும் என்று ஜொகூரில் ஃபிளாட் வாங்கலாமா?

கேள்வி: சென்னை ஓட்டல் கண்காட்சியில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து இஸ்கந்தர் புத்ரி நகர ஃபிளாட்டைக் காட்டி, "கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயில் வருகிறது, விலை இரட்டிப்பாகும்" என்கிறார்கள். நம்பலாமா?

வரப்போகும் ரயிலுக்காக இன்றே கூடுதல் விலை கொடுக்காதீர்கள். இதே ரயிலுக்கு 2016 டிசம்பரில் இரு நாடுகளும் ஒப்பந்தமே போட்டன. இஸ்கந்தர் புத்ரியில் ஒரு நிலையமும் திட்டத்தில் இருந்தது. 2020 முடிவில் ஒப்பந்தம் காலாவதியானது. சிங்கப்பூருக்கு மலேசியா சுமார் 10.28 கோடி சிங்கப்பூர் டாலர் இழப்பீடு கொடுத்தது. நிலையத்தை நம்பி ஃபிளாட் வாங்கியவர்களுக்கு அதில் பங்கில்லை. மீண்டும் பேச்சு எழுந்தாலும் பேச்சு தண்டவாளம் ஆகாது.

ஜொகூர் பாருவின் புக்கிட் சாகரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்குப் போகும் ஆர்டிஎஸ் என்ற எல்லை தாண்டும் ரயில் வேறு. 4 கிலோமீட்டர்தான், தடம் போட்டாயிற்று. ஏஜெண்டுகள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவார்கள். ஃபிளாட்டிலிருந்து நிலையத்துக்கு உள்ள தூரத்தை வரைபடத்தில் நீங்களே அளந்து பாருங்கள். பிரசுரத்தின் "10 நிமிடம்" பெரும்பாலும் காலி சாலையில் காரில் போகும் நேரம்.

பிறகு விற்பனை ஒப்பந்த நகலைக் கேளுங்கள். ரயில் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. பிரசுரத்தின் அடியில் பொடி எழுத்தில் "ஓவியரின் கற்பனை" என்றிருக்கும்.

தமிழ்நாடு ரெராவிடம் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) புகார் கொடுக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், வெளிநாட்டுக் கட்டடம் அதன் எல்லைக்குள் வராது. பணம் அனுப்பும்போது, நிதியாண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20% டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும்: 40 லட்சம் அனுப்பினால் 6 லட்சம். வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை கையில் காசு வேண்டுமே.