வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனம் வேண்டும்: தீவிர மனநோயும் தற்கொலைத் தடுப்பும் – கேள்வி பதில்

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), பைபோலார் (மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் நோய்), கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் வேலை. வீட்டில் யாராவது இப்போதே ஆபத்தில் இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் இந்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416. இலவசம், இரவும் பகலும் உண்டு, தமிழில் பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926.

மேடம், என் மகனுக்கு 26 வயது, மனச்சிதைவு. ஒரு மாதம் வார்டில் இருந்துவிட்டுப் போன வெள்ளிக்கிழமைதான் வந்தான். நன்றாகப் பேசுகிறான், சாப்பிடுகிறான். "சரியாயிட்டான், இனி என்ன" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நான் வேலைக்குத் திரும்பலாமா? (தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாய்)

முடிந்தால் இந்த மாதம் வேண்டாம் அம்மா. போயே ஆக வேண்டுமென்றால், பகலில் அவனோடு இருக்க அவனுக்குப் பிடித்த ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரமும், அதைத் தொடர்ந்த மூன்று மாதமும் தற்கொலை ஆபத்து மிக அதிகமாக இருக்கும் காலம். பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம் இது. ஆனால் நம் வீடுகளில் சரியாக அந்த நேரத்தில்தான் எல்லோரும் மூச்சுவிட்டு விலகிப்போகிறார்கள்.

நோயில் காதில் கேட்கும் குரல்கள் அடங்கிய பிறகுதான் அவனுக்குத் தன் நிலைமை தெரிய ஆரம்பிக்கும். கூடப் படித்தவன் சென்னையில் வேலையில் இருக்கிறான். தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள், தன்னால் தட்டிப்போகுமோ என்ற நினைப்பு. வாழ்நாள் முழுக்க மாத்திரையா என்ற கேள்வி. நோய் முற்றியிருந்த நேரத்தைவிட, தெளிந்த பிறகு வரும் இந்தச் சோர்வைக் கண்டுதான் நான் அதிகம் பயப்படுவேன். இளைஞர்கள், படித்து நிறைய எதிர்பார்த்தவர்கள், நோய் வந்து சில வருடமே ஆனவர்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். மனச்சிதைவு உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 5 பேர் தற்கொலையால் இறக்கிறார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. மற்றவர்களோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம், அதே சமயம் பெரும்பாலும் தடுக்கக்கூடியது.

டிஸ்சார்ஜ் அட்டையில் ரிவ்யூ ஒரு மாதம் கழித்து என்று எழுதியிருந்தால், ஒரு வாரத்துக்குள் கூட்டி வரலாமா என்று கேளுங்கள். மாத்திரை உங்கள் கையில் இருக்கட்டும், அந்தந்த வேளைக்கு எடுத்துக் கொடுங்கள். உங்களுடையது விவசாயக் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். பூச்சிமருந்து வீட்டிலேயே இருக்கக் கூடாது. பூட்டி வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். சாக வேண்டும் என்ற வேகம் உச்சத்தில் நிற்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லையென்றால் எத்தனையோ பேர் தப்பிவிடுகிறார்கள். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததும், 1990களின் நடுவில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது.

அதற்காக அவன் பின்னாலேயே நடந்து, குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். கூட உட்கார்ந்து வெங்காயம் உரிக்கச் சொல்லுங்கள், கடைக்குக் கூட்டிப்போங்கள்.

"செத்துப்போகணும்னு தோணுதா" என்று கேட்டால் நாமே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகாதா? என் தம்பி மனச்சோர்வில் இருக்கிறான், கேட்க வாய் வரவில்லை. (மதுரை)

ஆகாது. கேட்பதால் எண்ணம் புதிதாக வருவதில்லை என்பது ஆய்வுகளில் பலமுறை பார்த்துத் தெளிந்தது. பெரும்பாலானவர்களுக்குக் கேட்டதே ஆறுதலாக இருக்கும். இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையே என்று அழுதுவிடுவார்கள்.

டிவியை அணைத்துவிட்டு, மற்றவர்கள் இல்லாத நேரத்தில் பக்கத்தில் உட்காருங்கள். "ரொம்ப நாளா தூங்காம இருக்கே. வாழ்ந்து என்ன பண்ணப்போறோம்னு தோணுதாடா?" என்று ஆரம்பியுங்கள். ஆமாம் என்றால் அங்கேயே நிற்காதீர்கள். "செத்துப்போயிடலாம்னு நினைக்கிறியா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" என்று நேராகக் கேளுங்கள். யோசித்து வைத்திருக்கிறேன் என்றால் அன்றைக்கு அவனைத் தனியாக விடக் கூடாது. அன்றே டாக்டர். குரல் கேட்கும் நோய் உள்ளவர் என்றால் "அந்தக் குரல் உன்னை என்ன செய்யச் சொல்லுது?" என்றும் கேட்க வேண்டும். சாகச் சொல்கிறது, மறுக்க முடியவில்லை என்றால் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

"அம்மாவை நினைச்சுப் பாத்தியா", "உனக்கு என்ன குறை" என்ற இரண்டையும் மட்டும் சொல்லாதீர்கள். தான் எல்லோருக்கும் பாரம் என்று ஏற்கெனவே நம்புகிறவனுக்கு, இன்னொரு பாரத்தை ஏற்றுவதாகிவிடும்.

புது ஊசி போட்டதிலிருந்து என் மனைவியால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறாள். "இப்படி இருக்கறதுக்குச் செத்தே போகலாம்" என்கிறாள். நோய் கூடிவிட்டதா? (திருப்பூர்)

இதற்கு முதலில் பதில் எழுதத்தான் நினைத்தேன் ஐயா. இது நோய் கூடியதாக இல்லாமல் மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். அகதீசியா என்பார்கள். உள்ளுக்குள் தாங்க முடியாத பரபரப்பு. கால் ஓரிடத்தில் நிற்காது, நின்றாலும் மாற்றி மாற்றி மிதிப்பார்கள். வெளியே பார்ப்பவர்களுக்குக் கிளர்ச்சி மாதிரி தெரிவதால் "நோய் ஏறிவிட்டது" என்று மருந்தை இன்னும் கூட்டிவிடும் ஆபத்து உண்டு. தற்கொலை எண்ணத்தையும் இது தூண்டும். ரிவ்யூ தேதிவரை காத்திருக்காதீர்கள், இன்றே போங்கள். "ஊசிக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சது, உட்காரவே முடியல, சாகணும்னு சொல்றா" என்று இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்றலாம், வேறு மருந்துக்குப் போகலாம், தணிக்கத் தனி மாத்திரையும் உண்டு. பெரும்பாலும் தீர்த்துவிடக்கூடியதுதான் என்று அவரிடமும் சொல்லுங்கள்.

கணவருக்கு பைபோலார், நாலு வருடமாக லித்தியம். நன்றாக இருக்கிறார். கிட்னி போய்விடும், நிறுத்து என்கிறார்கள். (சேலம்)

நீங்களாக நிறுத்தாதீர்கள். பைபோலாரில் தற்கொலையைக் குறைப்பதற்கு லித்தியம் அளவுக்குச் சான்றுள்ள மருந்துகள் மிகக் குறைவு. 1949ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மனநல டாக்டர் இதைப் பயன்படுத்தியதிலிருந்து இன்றுவரை நிற்கிறது. திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பும் தற்கொலை ஆபத்தும் ஏறும்.

சிறுநீரகம், தைராய்டு பற்றிய கவலை நியாயமானது. அதற்காகத்தான் இடையிடையே இரத்தப் பரிசோதனை. தவறவிடாதீர்கள். வாந்தி பேதி வந்தாலோ, வெயிலில் நீர்வற்றிப்போனாலோ உடனே டாக்டரைக் கேளுங்கள், ஏனென்றால் இரத்தத்தில் லித்தியம் அளவு ஏறிவிடும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தானாக வலிமாத்திரை வாங்கிப் போடக் கூடாது. இன்னொன்று, மூன்று மாத மாத்திரையை ஒன்றாக வாங்கி அலமாரியில் குவிக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

மனச்சிதைவுக்கு க்ளோசபின் என்ற மாத்திரை ஆரம்பித்தார்கள். வாரா வாரம் இரத்தம் எடுக்க வேண்டுமாம். இவ்வளவு தொல்லை எதற்கு? (நாகர்கோவில்)

தொல்லைதான், மறுக்கவில்லை. வெள்ளை அணுக்கள் குறைந்துபோகிறதா என்று பார்க்கத்தான் அது. வழக்கமாக முதல் 18 வாரம் வாரம் ஒருமுறை, அப்புறம் இடைவெளி கூடும். காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் காத்திருக்காமல் போங்கள். மலச்சிக்கலையும் சாதாரணமாக விடாதீர்கள். மனச்சிதைவில் தற்கொலை நடத்தையைக் குறைக்கும் என்பதற்காகவே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2002ல் தனியாக அனுமதி தந்தது இந்த மருந்துக்குத்தான்.

முயற்சி செய்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகுமா? (விழுப்புரம்)

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயற்சி செய்தவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கருத வேண்டும், விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம், ஒரு காவலர் வந்து கேட்கலாம். அதற்குப் பயந்து ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

நான் துபாயில், அண்ணன் ஊரில். முன்பு ஒருமுறை முயன்றவர். தினமும் போன் பண்ணுவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை, அக்கா. இதனால் பயன் உண்டா?

நிறையவே உண்டு தம்பி. உலக சுகாதார அமைப்பு ஐந்து ஊர்களில் ஓர் ஆய்வு செய்தது, அதில் சென்னையும் கொழும்பும் உண்டு. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். முடிவு 2008ல் வெளியானது. விசாரிக்கப்பட்டவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 விழுக்காடு, மற்றவர்களில் 2.2. அவர்கள் எல்லோரும் தீவிர மனநோய் உள்ளவர்கள் அல்ல, ஆனால் உங்கள் அண்ணன் போல ஒருமுறை முயன்றவர்கள்.

மாத்திரை போட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். என்ன சாப்பிட்டார், மழை பெய்ததா, யார் வந்தார்கள் என்று பேசுங்கள். குரல் தளர்ந்திருந்தால் நேராகக் கேளுங்கள். போய்ப் பார்த்து வர ஊரில் ஒருவரின் எண் உங்களிடம் இருக்கட்டும்.

எனக்கே மனச்சிதைவு. மாத்திரை போடுகிறேன், வேலைக்கும் போகிறேன். ஆனால் சில இரவு இரண்டு மணிக்கு அந்த எண்ணம் வருகிறது. வீட்டில் சொன்னால் மறுபடி அட்மிட் பண்ணிவிடுவார்களோ என்று சொல்வதில்லை.

எழுதியதற்கு நன்றி. எண்ணம் வருகிறது என்று சொன்னதற்காக மட்டும் யாரையும் சேர்ப்பதில்லை. தனியாகச் சமாளிக்க முடியாத அளவுக்குப் போகும்போதுதான் அட்மிஷன், அதுவும் சில நாளாக இருக்கலாம்.

தெளிவாக இருக்கும் ஒரு பகலில், ஒரு தாளில் உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள். எண்ணம் வருவதற்கு முன் உங்களுக்கு என்ன ஆகிறது? இரண்டு நாள் தூக்கம் கெடுகிறதா, குரல் கூடுகிறதா, குடித்த இரவா? அந்த நேரத்தில் தனியாகச் செய்யக்கூடியது எது? முகம் கழுவுவதோ, விளக்கைப் போட்டுக்கொண்டு பாட்டு கேட்பதோ, எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் யாரை எழுப்பலாம்? இரண்டு பேர், எண்ணோடு. அப்புறம் டாக்டர், 14416, 108. வீட்டில் எதை எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும் என்றும் எழுதி, அதைச் செய்யும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைக்கலாம், போனில் படமெடுத்தும் வைக்கலாம்.

வீட்டில் எல்லோரிடமும் சொல்ல வேண்டாம். அதிகம் பதறாத ஒருவரிடம் தாளைக் காட்டிவிட்டு, "நான் எழுப்பினா வந்து கூட உட்காரு, ஒண்ணும் பேச வேணாம்" என்று சொல்லிவையுங்கள். நாளைக் காலை மருத்துவமனைக்கு போன் செய்து ரிவ்யூவை இந்த வாரமே மாற்றிக்கொள்ளுங்கள், இரண்டு மணி விஷயத்தை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். இன்று இரவே வந்தால் நாளைவரை பொறுக்க வேண்டாம், 14416.