ரீகால் ஆன வண்டி: கடலூரில் வழக்குப் போடலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். ஒன்றரை ஆண்டுக்கு முன் புதுச்சேரி ஷோரூமில் 22 லட்ச ரூபாய்க்கு ஏழு பேர் உட்காரும் எஸ்.யூ.வி. வாங்கினேன். வரி குறைவு என்று அத்தை வீட்டு முகவரியில் அங்கேயே பதிவும் செய்தேன். இப்போது பிரேக் கோளாறு என்று அந்த மாடலைத் தயாரிப்பாளர் ரீகால் செய்திருக்கிறார், அதாவது சரிசெய்து தரத் திரும்ப அழைத்திருக்கிறார். எனக்குக் கடிதம் வரவில்லை. சர்வீஸ் சென்டரில் மூன்று மாதமாக, "பார்ட்ஸ் வரல சார், அதுவரைக்கும் ஓட்டுங்க" என்கிறார்கள். வேறு வண்டி கேட்க முடியுமா? வழக்கைக் கடலூரில் போடலாமா?

பதில்: முதலில் வண்டியை நிறுத்துங்கள். பிரேக் சரியில்லை என்று தயாரித்தவரே சொன்ன பிறகு, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருவந்திபுரம் கோயில் வரைக்கும்கூடப் போக வேண்டாம். "ஓட்டுங்க" என்பதை எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், தர மாட்டார்கள்.

கடிதம் அத்தை வீட்டுக்குப் போயிருக்கும், விசாரியுங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டு உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். கோளாறு இருப்பதை அவர்களே ஒப்புக்கொண்ட தாள் அது, உங்கள் வழக்கின் முதுகெலும்பு. சர்வீஸ் சென்டருக்குப் போகும்போதெல்லாம் ஜாப் கார்டு (வேலைப் பதிவுத் தாள்) போடச் சொல்லி, "பாகம் இல்லை" என்று அதில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை நுகர்வோர் ஆணையத்தில் நிற்காது.

வேறு வண்டி கேட்கலாம், கிடைப்பது கடினம். பாகத்தை மாற்றினால் தீரும் கோளாறுக்கு முழு வண்டியையும் மாற்றித் தர வேண்டியதில்லை என்று 2006-இலேயே உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில் சொல்லிவிட்டது. அதே நீதிமன்றம் 2022-இல், விபத்தில் ஏர்பேக் விரியாத ஒரு எஸ்.யூ.வி.க்கு மாற்று வண்டி தரச் சொன்னதைச் சரி என்றது. எனவே மனுவில் இலவசப் பழுது, வண்டி நின்ற நாட்களுக்கு இழப்பீடு, பழுது முடியும்வரை மாற்று வண்டி ஆகியவற்றை முதலில் கேளுங்கள். குறித்த தேதிக்குள் சரிசெய்யாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதை அடுத்த கோரிக்கையாக வையுங்கள். வெறும் கோபத்தில் 22 லட்சத்தை மட்டும் கேட்டு நிற்பவர்கள் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

கடலூரில் தாராளமாகப் போடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆம் பிரிவுப்படி, எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போட உரிமை உண்டு. கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையமே போதும். உங்கள் விலைக்குக் கட்டணம் 1,000 ரூபாய். ஆதாரும் மின் கட்டண ரசீதும் கடலூர் முகவரியில் இருக்கட்டும்.

ஆனால் அந்தப் புதுச்சேரிப் பதிவு இருக்கிறதே, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கண்ணில் அதுதான் முதலில் படும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு மறுபதிவு தேவை. அதனால் உங்கள் நுகர்வோர் உரிமை போய்விடாது, ஆனாலும் வழக்குக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

தயாரிப்பாளர், ஷோரூம் இருவருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் 15 நாள் நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்குப் போடக் காலக்கெடு இரண்டு ஆண்டு. ரீகால் தேதியிலிருந்து எண்ணலாம் என்று வாதாட இடம் உண்டு. ஆனால் வாங்கிய தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு, அப்படிப் பார்த்தால் உங்களுக்கு இன்னும் ஆறு மாதம்தான் இருக்கிறது.