செத்துக் கிடந்த பூநாரையைப் பாடம் பண்ணி வீட்டில் வைக்கலாமா?

கேள்வி: அண்ணே, நான் மண்டபம். நேற்று காலை தனுஷ்கோடி போகிற வழியில், கோதண்டராமர் கோயில் பக்கம் தண்ணீரோரமாக ஒரு பூநாரை செத்துக் கிடந்தது. காயம் எதுவும் தெரியவில்லை. நாய் இழுத்துவிடுமே என்று எடுத்து வந்து ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன். கெடாமல் பதப்படுத்திப் பாடம் பண்ணித் தருகிற ஒருவர் 8,000 ரூபாய் கேட்டார், 2,000 முன்பணமும் கொடுத்துவிட்டேன். தானாகச் செத்ததற்குக் கேஸ் கிடையாது என்கிறார். உண்மையா? வேண்டாமென்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: உண்மை இல்லை தம்பி. பெட்டியைத் திறக்காமல் இன்றைக்கே மண்டபம் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 39-ஐப் பாருங்கள். வேட்டையாடியது மட்டுமில்லை, செத்துக் கிடந்து கண்டெடுத்த காட்டுயிரும் அரசின் சொத்து என்றே அதில் இருக்கிறது. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸிலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும், எழுத்துமூல அனுமதி இல்லாமல் வைத்திருக்கவோ யாருக்கும் கொடுக்கவோ கூடாது. நீங்கள் எடுத்தது நேற்று காலை, அதனால் இன்னும் நேரம் இருக்கிறது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கடல் அட்டை பிடித்து வழக்கில் சிக்கியவர்களை நம் கரையில் பார்த்திருப்பீர்கள், இதுவும் அதே சட்டம்தான்.

தானாகச் செத்ததற்கு ஏன் இத்தனை கெடுபிடி என்று உங்களுக்குத் தோன்றலாம், நியாயமான கேள்விதான். ஆனால் செத்த பறவையைப் பார்த்து அது நோயில் போனதா, மின்கம்பியில் அடிபட்டதா, யாராவது விஷம் வைத்தார்களா என்று நீங்களும் நானும் சொல்லிவிட முடியாது. கண்டெடுத்தது என்றால் விட்டுவிடலாம் என்று சட்டம் இருந்தால், வலை போட்டுக் கொன்றவனும் நாளைக்கு கரையில் கிடந்தது என்றுதான் சொல்வான், அதற்கு 8,000 விலையும் கிடைக்கும். தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்றே 2025-இல் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் பறந்து வந்து இறங்குகிற கூட்டத்துக்கு நம் ஊரிலேயே ஒரு சந்தை உருவாகக் கூடாது, எனக்கு அதுதான் கவலை.

பறவைக் காய்ச்சலும் இருக்கலாம் என்பதால் வெறுங்கையால் தொடாதீர்கள், அந்தப் பெட்டியில் இனி சாப்பிடுகிற மீனை வைக்க வேண்டாம். காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையம் இருந்ததைப் பார்த்திருந்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள், அது எங்கே வளையமிட்ட பறவை என்று அதிலுள்ள எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். நாயிடமிருந்து காப்பாற்ற எடுத்தேன் என்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள். நேரத்துக்குள் நீங்களே போய் ஒப்படைப்பதும், வீட்டில் பாடம் பண்ணிய பறவையோடு பிடிபடுவதும் ஒன்றில்லை.

முன்பணம் விஷயத்தில் ஆறுதலாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சட்டத்துக்குப் புறம்பான வேலைக்குப் போட்ட ஒப்பந்தம் செல்லாது, நுகர்வோர் நீதிமன்றம் போய் நின்றாலும் பறவை எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். நேரில் கேட்டுப் பாருங்கள், தராவிட்டால் 2,000 போனதாக வைத்துக்கொள்ளுங்கள், மீதி 6,000-ஐக் கொடுத்துவிடாதீர்கள். இன்னொன்று, பூநாரையின் இளஞ்சிவப்பு நிறம் அது தின்கிற பாசியிலிருந்தும் சிறு இறாலிலிருந்தும் வருவது. செத்த பிறகு வெளிச்சத்தில் இருக்க இருக்க இறகு வெளுத்துப் போகும். இதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

கேள்வி: கோயில் வாசலில் விற்கிற மயிலிறகு வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். உதிர்ந்த தோகை இறகுக்கு விலக்கு உண்டு, வெளிநாட்டுக்கு மட்டும் அனுப்ப முடியாது. அடித்தண்டில் ரத்தமோ சதையோ ஒட்டியிருந்தால் அது பிடுங்கியது, தொடவே வேண்டாம். செத்த மயிலை எடுத்து வைத்துக்கொள்வது வேறு கதை, அது அதே சட்டத்தில் கூடுதல் பாதுகாப்புள்ள முதல் பட்டியலில் இருக்கிற பறவை, குறைந்தது 3 ஆண்டு சிறை.